எஞ்சின் எங்கே இருந்தால் என்ன?
கண்டி மலைவீதிகளில் ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு

எரிபொருளில் ஓடும் காரில் மிகக் கனமான பாகங்களில் ஒன்று எஞ்சின். கியர்ப் பெட்டியையும் சேர்த்தால் சிறிய காரிலேயே நூறு கிலோவைத் தாண்டிவிடும். பெரிய ஸ்போர்ட்ஸ் காரில் அது இருநூறு, முந்நூறு கிலோ வரை போகும். இந்தக் கனத்தை முன் அச்சின் மேல் வைப்பதா, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் வைப்பதா, பின் அச்சுக்கு அப்பால் தள்ளுவதா என்பதைத் தீர்மானித்த பிறகுதான் காரின் மற்ற எல்லாம் உருவாகும். ஓட்டுநரின் இருக்கை, பெட்டி வைக்கும் இடம், காற்று புகும் வழி, விலை எல்லாமே அந்த ஒரு தீர்மானத்தைத் தொடர்ந்து வருபவை.

எஞ்சின் முழுவதும் இரு அச்சுகளுக்கும் நடுவே இருந்தால் அது நடு எஞ்சின் கார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும் கார் எல்லாமே நடு எஞ்சின் கார் ஆகிவிடாது. போர்ஷே 911 இன் எஞ்சின் பின் அச்சையும் தாண்டி நிற்கிறது. அது பின் எஞ்சின் கார். மறுபுறம், 1989 இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 இல் எஞ்சின் பொனட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆனால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தியதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிகிறது.

கண்டி நகரில் இந்த வகைகளைக் காண ஸ்போர்ட்ஸ் காரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பழைய மொரிஸ் மைனருக்கு எஞ்சின் முன்னால். பீட்டிலுக்கும் முச்சக்கர வண்டிக்கும் பின்னால். 'டொல்பின்' வேனில் அது முன் இருக்கைகளுக்குக் கீழே. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஹந்தானை ஏற்றத்தில் போகும் முச்சக்கர வண்டியின் ஹேண்டில் லேசாகிவிடுவதை அதன் ஓட்டுநர்கள் அறிவார்கள். பின் சக்கரங்கள் தரையை இறுகப் பிடிக்க, திருப்ப வேண்டிய முன் சக்கரம் பிடி தளர்ந்து நிற்கிறது. கனம் பின்னால் இருப்பதன் நன்மையும் தீமையும் அந்த ஒரு ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

சங்கிலியால் வந்த புரட்சி

நடு எஞ்சின் பந்தயத்துக்கு வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் 1934 இலேயே ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த பந்தயக் கார்களை இறக்கி வெற்றியும் கண்டது. ஆனால் அவற்றை அடக்கி ஓட்டக்கூடியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் அந்த வழியில் போகவில்லை. போருக்குப் பின் 1946 இல், இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்ல்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜோனும் மலிவான ஒரு பந்தயக் காரைச் செய்தார்கள். அதற்கு 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின். மோட்டார் சைக்கிள் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை போவது சங்கிலி வழியாக. ஆகவே எஞ்சினைப் பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைப்பதே வசதி என்று வைத்தார்கள். அதன் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டர்லிங் மொஸ் 1948 இல் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அத்தகைய ஒரு கூப்பரில்தான், அதுவும் மலையேற்றப் போட்டிகளில். பத்து ஆண்டுகள் கழித்து, 1958 ஆர்ஜென்டினா கிராண்ட் பிரியில், தன் காரைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட கார்களை ஒரு சிறிய கூப்பரில் அவர் வென்றார். ஜாக் பிரபாம் 1959 இலும் 1960 இலும் கூப்பரில் உலகச் சாம்பியன் ஆனார். 1960 இத்தாலி கிராண்ட் பிரியில் ஃபெராரி பெற்ற வெற்றியே ஃபோர்முலா ஒன் உலகச் சாம்பியன் பந்தயங்களில் முன் எஞ்சின் கார் பெற்ற கடைசி வெற்றி.

வீதிக் கார்களுக்கு இந்த மாற்றம் மெதுவாகவே வந்தது. 1966 இன் லம்போர்கினி மியுரா, 3.9 லீட்டர் வி12 எஞ்சினை இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைத்து உலகை வியக்க வைத்தது. அதன் எரிபொருள் தாங்கி முன்னால் இருந்ததால், பெற்றோல் குறையக் குறைய மூக்கு லேசாகி, அதிவேகத்தில் ஸ்டியரிங் நம்பகம் இழந்தது. அழகான கார்தான், நல்ல கார் என்று சொல்லத் தயங்க வேண்டும்.

மலிவான வழி வேறொன்று. சிறிய முன் சக்கர இழுவைக் காரின் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒன்றாகக் கழற்றி, அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்துவது. 1972 இன் ஃபியட் எக்ஸ்1/9, 1984 இன் டொயோட்டா எம்ஆர்2 இரண்டும் இந்த முறையில் பிறந்தவை. கோயம்புத்தூரின் கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய ஃபோர்முலா மாருதியும் அப்படித்தான். சந்தைக்குப் போய்வரும் மாருதி 800 இன் 796 சிசி எஞ்சின் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் முதுகில் ஏறிக்கொண்டது. இந்தியாவின் ஒரு தலைமுறைப் பந்தய ஓட்டுநர்கள் தொழில் பழகியது இத்தகைய எளிய கார்களில்.

நாலு டயரும் அவற்றின் பங்கும்

நடு எஞ்சின் தருவது இரண்டு நன்மைகள். முதலாவது, இழுவை. கார் முன்னோக்கி வேகமெடுக்கும்போது எடையின் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. பின் சக்கரங்கள் உந்தும் காரில், தொடக்கத்திலேயே அவற்றின் மேல் கனம் கூடுதலாக இருந்தால் டயர் வழுக்காமல் கூடுதல் விசையைத் தாங்கும். அச்சுகளுக்கு இடையே 2.6 மீற்றரும் எடை மையத்தின் உயரம் அரை மீற்றரும் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். டயரின் பிடி அதன் மேலுள்ள கனத்துக்குச் சமம் என்று கொண்டால், எடை சரிபாதியாகப் பிரிந்த கார் டயரின் பிடி மட்டும் தடுக்கும் நிலையில் மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டச் சுமார் 4.6 விநாடி தேவை. எடையின் 60 வீதம் பின்னால் இருந்தால் 3.8 விநாடி போதும். இரண்டுக்கும் ஒரே டயர். குதிரைவலுவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அமெரிக்காவின் கோர்வெட் இதை நடைமுறையில் காட்டியது. 1953 முதல் ஏழு தலைமுறைகளுக்கு முன் எஞ்சினுடன் வந்த அந்தக் கார், 2020 மாடலில் நடு எஞ்சினுக்கு மாறியது. வலு ஏறக்குறைய 8 வீதமே கூடியது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை எட்டும் நேரமோ, நிறுவனத்தின் கணக்குப்படி, 3.8 விநாடியிலிருந்து 2.9 விநாடியாகக் குறைந்தது. புதிய இரட்டைக் கிளச் கியர்ப் பெட்டிக்கும் அதில் பங்குண்டு. எல்லாப் பெருமையையும் எஞ்சினின் இடத்துக்கே கொடுத்துவிட முடியாது.

இரண்டாவது நன்மை, திரும்புவதில். இரு கைகளையும் நீட்டி கைக்கொரு தண்ணீர்க் குடத்தைப் பிடித்தபடி சட்டென்று திரும்புவது கடினம். குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டால் எளிது. கனம் காரின் நடுவில் குவிந்திருந்தால் அது அப்படியே உடனே திரும்பும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. விரைவாகத் திரும்பும் கார் விரைவாகச் சுழலவும் செய்யும். முன் எஞ்சின் கார் எல்லை மீறும்போது பெரும்பாலும் மூக்கு வெளியே வழுக்கி முன்கூட்டியே எச்சரிக்கும். நடு எஞ்சின் காரில் பின்பக்கம் கழன்றால், அதைப் பிடித்து நிறுத்தப் பழகிய கைகள் வேண்டும். இன்றைய கணினிக் கட்டுப்பாடுகள் இந்தக் குறையைப் பெருமளவு மூடி வைத்திருக்கின்றன. அவற்றை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

இதைத் தவிர வெப்பம், சத்தம், பெட்டி வைக்க இடமின்மை, பின்னால் பார்வை மறைவது, பழுது பார்க்கக் கை நுழையாத நெருக்கம் ஆகியவை நடு எஞ்சினின் நிரந்தரச் செலவுகள்.

கடுகண்ணாவையிலிருந்து நுவரெலியா வரை

'பெர்ஃபோமன்ஸ்' என்றால் பொதுவாக நினைவுக்கு வருவது குதிரைவலுவும் நூறைத் தொடும் நேரமும். கண்டியைச் சுற்றியுள்ள வீதிகள் இந்த இரண்டையும் அதிகம் மதிப்பதில்லை. மேற்கே கடுகண்ணாவைக் கணவாய். 1820களில் கப்டன் டோசன் மேற்பார்வையில் வெட்டப்பட்ட அந்தக் கொழும்பு வீதியில், அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. கிழக்கே மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. தெற்கே பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில்.

ஏற்றத்துக்கு எவ்வளவு வலு வேண்டும்? 1,200 கிலோ எடையுள்ள கார், நூறு மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் சரிவில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 12 குதிரைவலு செலவாகும். உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து இன்னும் சிலவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். மாருதி 800 இலேயே அதைவிட இருமடங்கு வலு இருக்கிறது.

வளைவில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. 15 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில், உலர்ந்த தாரில் நல்ல டயர் தாங்கும் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 41 கிலோமீற்றர். மழையில் பிடி பாதியளவுக்கு வந்தால் அது 29 ஆகிறது. இந்தக் கணக்கில் எடையும் இல்லை, வலுவும் இல்லை. அறுநூறு குதிரைவலு லம்போர்கினிக்கும் அரைநூற்றாண்டு பழைய மொரிஸுக்கும் ஒரே டயரைக் கொடுத்தால் அந்த வளைவு இரண்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விடும். எஞ்சின் இருக்கும் இடம் வளைவுக்குள் காரை எப்படி நுழைப்பது, வெளியே எப்படி எடுப்பது என்பதை மாற்றும். வளைவின் எல்லையை அது பெரிதாக மாற்றாது. எதிரே தனியார் பஸ் ஒன்று வீதியின் நடுவை எடுத்துக்கொண்டு வருவதை எந்த எல்லைக் கணக்கும் சேர்ப்பதில்லை என்பது வேறு விடயம்.

உயரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 83 வீதம். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். கொழும்பில் 100 குதிரைவலு தரும் எஞ்சின் அங்கே 83 அளவில் நிற்கும். டர்போ உள்ளதற்கு இந்த இழப்பு மிகக் குறைவு.

இறக்கம்தான் உண்மையான சோதனை. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் 1,200 கிலோ கார், உயரத்திலிருந்து மட்டும் 16 மெகாஜூல், அதாவது சுமார் 4.4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியைக் கரைத்தாக வேண்டும். அதை முழுவதும் பிரேக்கில் போட்டால் தட்டுகள் காய்ந்து, எண்ணெய் கொதித்து, மிதி பஞ்சாகிவிடும். மலைநாட்டு லொறிச் சாரதிகள் ஏறிய கியரிலேயே இறங்குவது இதனால்தான். ஹைபிரிட் கார்களில் இறக்கம் மின்கலத்தை நிரப்பும். ஆனால் டொயோட்டா அக்வா போன்றதன் மின்கலம் ஒரு யூனிட்டுக்கும் குறைந்தது. பாதி வழியிலேயே அது நிறைந்துவிடும். அதன் பின் 'பி' கியரில் எஞ்சினின் தடையை நம்புவதே வழி. முன்னால் கனமும் முன்னால் பெரிய பிரேக்கும் உள்ள கார் இறக்கத்தில் பின்தங்குவதில்லை. பிரேக் அடிக்கும்போது எடை முன்னே வந்து விழுகிறது. நடு எஞ்சின் காரில் பின் டயர்களும் தடுப்பதில் கூடுதல் பங்கு ஏற்க முடிவது அதன் ஒரு நன்மை.

வீதியை மூடி ஓட்டும்போது விடை மாறும். நுவரெலியாவில் 1934 முதல் வரலாறு கொண்ட மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடுகின்றன. எதிரே வண்டி இல்லை. ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். நின்ற நிலையிலிருந்து கிளம்புவதும் குறுகிய வளைவிலிருந்து விசையோடு வெளியேறுவதும் அங்கே விநாடிகளைத் தீர்மானிக்கின்றன. அது நடு எஞ்சினுக்கும் நான்கு சக்கர இழுவைக்கும் உரிய களம். கூப்பர் காரும் மொஸும் வளர்ந்தது இத்தகைய மலையேற்றங்களில் என்பது தற்செயல் அல்ல.

இலங்கையில் ஸ்போர்ட்ஸ் காரின் பெறுமதியைப் பொறியியலைவிடச் சுங்கமே அதிகம் தீர்மானிக்கிறது எனலாம். பெற்றோல் கார்களுக்கான உற்பத்தித் தீர்வை எஞ்சினின் கொள்ளளவை வைத்து அறவிடப்படுகிறது. சிசி ஏற ஏற வீதமும் ஏறும். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோதும் அந்த அடிப்படை மாறவில்லை. விளைவு, வாங்குபவர் சிசியைப் பெர்ஃபோமன்ஸ் என்றே எண்ணப் பழகிவிட்டார். நகர எல்லைக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் என்ற வேக வரம்புள்ள வீதிகளுக்கு இது பொருந்தாத அளவுகோல்.

மின்சாரக் கார்கள் இந்தப் பழைய வழக்கை ஓரளவு முடித்துவைத்துவிட்டன. மோட்டார் சிறியது, கனமான மின்கலம் தரைக்கு அடியில், அச்சுகளுக்கு இடையே படுத்திருக்கிறது. ஆகப் பெரும்பாலான மின்சாரக் கார்கள் எடையளவில் நடு எஞ்சின் கார்களே. கொழும்பின் கோட்ஜென் நிறுவனம் உருவாக்கிய 'வேகா' என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் முன்மாதிரியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றின் சிக்கல் வேறு: மொத்த எடை. கனமான காருக்கு வளைவில் நுழையவும் இறக்கத்தில் நிற்கவும் பெரிய டயரும் பெரிய பிரேக்கும் வேண்டும்.

மூடிய பாதையில், பழகிய கையில், நடு எஞ்சின் கார் வெல்லும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மழையில் ஏறி இறங்கும் பொது வீதியில், ஒரு தொன் எடைக்கு மேல் போகாத, டயரும் பிரேக்கும் நல்ல நிலையிலுள்ள முன் எஞ்சின் கார் அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.