மணலில் நாங்களே அடித்த கூடாரம்

"கேம்ப் போடப் போறம் புள்ள, நீயும் வாறியா?" என்று மட்டக்களப்பு அக்கா கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சொன்னது, விடுமுறை நாட்களில் காட்டிலோ கடற்கரையிலோ கூடாரம் அடித்து இரண்டு மூன்று நாட்கள் தங்கிவருவதை. நான் இப்போது வாழ்கின்ற பிறிஸ்பேன் நகரில் இது சர்வசாதாரணமான விடயம். வாகனத்தின் கூரையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு விடுவார்கள். ஆனால் முகாம் என்ற சொல் எமக்குத் தருகின்ற பொருள் வேறு அல்லவா? 2009ஆம் ஆண்டு வைகாசி மாதம் தொடங்கிப் பதினொரு மாதங்கள் செட்டிகுளம் மெனிக்பாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவள் நான். தண்ணீருக்கும் வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. சுற்றிவர முட்கம்பி. இனி என் வாழ்நாளில் தறப்பாளுக்குக் கீழே படுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தேன்.

என் தயக்கத்தைப் புரிந்துகொண்டவர், எங்களோடு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் தென்சூடான் தோழிதான். அவர் சிறுவயதில் கென்யாவின் கக்குமா அகதி முகாமில் ஒன்பது வருடங்கள் இருந்தவர். "முதற்தடவை எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வந்து பார். பிடிக்காவிட்டால் விடிந்தவுடன் திரும்பிவிடுவோம். யாரிடமும் பாஸ் கேட்கத் தேவையில்லை" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சம்மதித்தேன்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஆறு பெண்கள், இரண்டு வாகனங்களில் புறப்பட்டோம்.

உலகின் மிகப்பெரிய மணல் தீவு

நாங்கள் போனது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கர்ரி என்னும் தீவுக்கு. கங்கை என்னும்போது வருகின்ற மெல்லிய க ஒலியோடு இப்பெயரை உச்சரிக்க வேண்டும். நீண்ட காலமாக இது பிறேசர் தீவு என்றே அழைக்கப்பட்டு வந்தது. 122 கிலோமீற்றர் நீளமான இத்தீவு, உலகிலுள்ள மணல் தீவுகள் எல்லாவற்றிலும் பெரியது. 1992ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கே தார் வீதிகளை எதிர்பார்க்க முடியாது. நான்கு சில்லுகளும் இழுக்கின்ற 'ஃபோர் வீல்' வாகனம் இருந்தால் மாத்திரமே ஓடலாம். வாகனத்துக்கும் கூடாரத்துக்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். இன்ஸ்கிப் முனையிலிருந்து தட்டையான படகு ஒன்று வாகனங்களை ஏற்றிச் செல்கின்றது. எங்கள் ஊர்களில் 'பாதை' என்று சொல்வோமே, அதுபோலத்தான். பத்து நிமிடங்களில் அக்கரை.

மணலில் ஓடுவதற்கு முன்னர் மட்டக்களப்பு அக்கா செய்த முதல் வேலை எனக்குப் புதினமாக இருந்தது. ஒவ்வொரு ரயராகக் குந்தியிருந்து காற்றைத் திறந்துவிட்டார். 36 இறாத்தல் இருந்த காற்று 18 இறாத்தலாகக் குறைந்தது. காற்றுக் குறைந்தால் ரயர் பரந்து தட்டையாகும். வாகனத்தின் பாரம் அதிக இடத்தில் பரவும். அதனால் சில்லு மணலுக்குள் இறங்காது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பதும் இதற்காகத்தான் என்றார் அவர்.

தீவின் கிழக்குக் கரையில் எழுபத்தைந்து மைல் கடற்கரை என்று ஒன்று இருக்கின்றது. கடற்கரை என்றாலும் சட்டப்படி அது ஒரு வீதி. மணிக்கு 80 கிலோமீற்றர் என்பதே வேக எல்லை. சிறிய விமானங்களும் அதில் இறங்கி ஏறுகின்றன. வற்று நேரத்தில் ஈரமண் இறுகியிருக்கும்போது ஓட வேண்டும். பெருக்கு உச்சத்துக்கு வருகின்ற நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலங்கள் அங்கே வாகனம் ஓட்டக்கூடாது. ஆகவே கடலின் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் அன்றாடம் சமையல், குளிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வேலியைக் கண்டதும்

மாலையில் டன்டுபாரா என்னும் முகாமிடத்தை அடைந்தோம். அங்கே சுற்றிவரக் கம்பிவேலி. அதைக் கண்டதும் என் கால்கள் நின்றுவிட்டன. நெஞ்சு அடைத்துக்கொண்டது.

தென்சூடான் தோழி என் கையைப் பிடித்துப் படலையடிக்குக் கூட்டிச்சென்றார். "திற" என்றார். திறந்தேன். "மூடு" என்றார். மூடினேன். காவலுக்கு அங்கே எவரும் நிற்கவில்லை. அந்த வேலி எங்களை உள்ளே வைத்திருப்பதற்காகப் போடப்பட்டதல்ல, டிங்கோ என்னும் காட்டுநாய்களை வெளியே வைத்திருப்பதற்காகப் போடப்பட்டது.

டிங்கோக்கள் பார்வைக்கு எங்கள் ஊர் நாய்கள் போலவே இருக்கும். ஆனால் காட்டு விலங்குகள். 2001ஆம் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இங்கே டிங்கோக்களால் கொல்லப்பட்டான். அவற்றுக்கு உணவு போடுவது தண்டனைக்குரிய குற்றம். மனிதரிடம் உணவு வாங்கிப் பழகிய விலங்குக்கு மனிதரிடத்தில் பயம் போய்விடும் என்பதே காரணம். எனவே நாங்கள் கொண்டுபோன அரிசி, பருப்பு, பாண் அனைத்தையும் வாகனத்துக்குள் பூட்டி வைத்தோம். கடற்கரையில் கூடாரம் அடிப்பவர்கள் தீ மூட்டவும் அனுமதி இல்லை. 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில், தடையை மீறி எவரோ மூட்டிய தீ சரியாக அணைக்கப்படாததால் தீவின் ஏறத்தாழ அரைப்பங்கு எரிந்துபோனது. நாங்கள் காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் காய்ச்சினோம்.

கூடாரத்தின் தடியை நானே நாட்டினேன். கயிற்றை இழுத்துக் கட்ட என் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "எங்க பழகின நீ?" என்று மலையகத்துத் தங்கச்சி கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் பிறகு கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காற்றில் சீலை படபடத்த ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டேன். நடுச்சாமத்தில் சிப்பை இழுத்துத் திறந்து வெளியே வந்து இருந்தேன். வானம் நிறைய வெள்ளி. சிறிது நேரத்தில் மட்டக்களப்பு அக்காவும் எழும்பிவந்து, ஒரு கம்பளியை என் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. விடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

புதைந்த சில்லு

மறுநாள் காலை, வாகனத்தை ஓட்டுமாறு திறப்பை என்னிடம் தந்தார்கள். நன்றாகத்தான் ஓடினேன். திடீரென ஓர் அலை முன்சில்லுவரை ஏறிவந்தது. நான் பதறி, மேட்டுப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். மேலே இருந்தது உலர்ந்த பூமணல். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சில்லுகள் இன்னும் இன்னும் புதைந்தன.

"மிதியாத! நிப்பாட்டு!" என்று அக்கா சத்தமிட்டார்.

மண்வெட்டியை எடுத்துச் சில்லுகளுக்கு முன்னால் வெட்டத் தொடங்கினேன். வெட்ட வெட்ட மணல் சரிந்து விழுந்தது. அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டு மாசி, பங்குனி மாதங்கள் கண்முன்னே வந்துவிட்டன. மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் இப்படித்தானே வெட்டினோம்? சரிகின்ற மணலைத் தடுக்கக் கூறைச்சேலையையும் கிழித்துப் பை தைத்தோமே! நான் மண்வெட்டியோடு மணலில் இருந்து அழுதேன். பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, வேறொரு நாட்டுக் கடற்கரையில், வாய்விட்டு அழுதேன்.

தோழிகள் அழவிட்டார்கள். பிறகு ஐந்து பேரும் என்னோடு சேர்ந்து கையாலும் மண்வெட்டியாலும் மணலை அள்ளினார்கள். ரயர்க் காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, சில்லுக்கடியில் பலகை கொடுத்து, மெதுவாகப் பின்னுக்கு எடுத்தபோது வாகனம் வெளியே வந்தது. கடல் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. பிறகும் நானே ஓட்டினேன்.

காயக்காரரை ஏற்றிய கப்பல்

அன்று வழியில் மகெனோ என்னும் கப்பலின் துருப்பிடித்த உடலைக் கண்டோம். 1905ஆம் ஆண்டு கட்டப்பட்ட பயணிகள் கப்பல் அது. முதலாம் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டு, கலிப்பொலிப் போர்முனையிலிருந்து காயமடைந்தவர்களை ஏற்றிச் சென்றது. 1935ஆம் ஆண்டு பழைய இரும்புக்காக யப்பானுக்கு இழுத்துச் செல்லப்படுகையில், புயலில் கயிறு அறுந்து இங்கே கரையேறியது. மாத்தளன் கரையிலிருந்து எங்கள் காயக்காரரை ஏற்றிய செஞ்சிலுவைக் கப்பல் எனக்கு நினைவில் வந்தது.

உள்ளே காட்டுப்பாதையால் மக்கென்சி ஏரிக்குப் போனோம். மணலில் தண்ணீர் நிற்காது என்பது நாம் அறிந்தது. ஆனால் இங்கே இலைகுழைகள் உக்கி மணலோடு சேர்ந்து இறுகி, சிமெந்துத் தளம் போலாகி மழைநீரைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய ஏரிகளில் உலகிலுள்ளவற்றின் அரைப்பங்கு இத்தீவிலேயே இருக்கின்றது என்கிறார்கள். வெறும் மணலில் வானுயர்ந்த மழைக்காடும் வளர்ந்திருக்கின்றது. மரங்களின் வேர்களோடு கூடிவாழும் பூஞ்சணங்களே மணலிலிருந்து சத்தை எடுத்து மரங்களுக்குக் கொடுக்கின்றன.

இந்த மணலில் இல்மனைற், ரூட்டைல் போன்ற கனிமங்களும் உண்டு. எங்கள் புல்மோட்டைக் கரையில் எடுக்கப்படுபவைதான். இங்கேயும் அகழ்ந்தார்கள். தீவைப் பாதுகாக்க விரும்பியவர்கள் பல வருடங்கள் போராடியதன் பின்னர், 1976ஆம் ஆண்டின் இறுதியோடு அகழ்வு நின்றது.

பெயர் திரும்பிவந்த கதை

இத்தீவின் சொந்தக்காரர்கள் புச்சுல்லா என்னும் பழங்குடி மக்கள். கர்ரி என்பது அவர்களுடைய கதையில் வருகின்ற ஒரு பெண். நிலத்தையும் கடலையும் படைப்பதற்கு உதவிய அந்தத் தேவதை, தான் படைத்த இடத்தின் அழகில் மயங்கி இங்கேயே தங்க ஆசைப்பட்டாளாம். அவளே தீவாக மாறினாள். ஏரிகள் அவளுடைய கண்கள்.

1836ஆம் ஆண்டு, கப்பல் உடைந்து எலைசா பிறேசர் என்னும் கப்பல் தலைவரின் மனைவி இப்பகுதியில் கரைசேர்ந்தார். உயிரோடு மீட்கப்பட்டு இங்கிலாந்து சென்ற பின்னர், இம்மக்கள் கொடியவர்கள் என்ற கதைகள் அவர் பெயரால் பரவின. தங்கள் பெண்களே அவரைப் பராமரித்தார்கள் என்பது புச்சுல்லா மக்களின் வாய்வழி வரலாறு. ஆனால் உலகம் கேட்டது முதற்கதையைத்தான். தீவுக்கும் பிறேசர் என்ற பெயர் நிலைத்தது. 1897ஆம் ஆண்டு இத்தீவின் மேற்குக் கரையில் பொகிம்பா என்னும் இடத்தில் பழங்குடி மக்களைக் கொண்டுவந்து ஒரு முகாமில் வைத்தார்கள். பசியாலும் நோயாலும் பலர் இறந்தனர். 1904ஆம் ஆண்டு அது மூடப்பட்டு, எஞ்சியவர்கள் வேறு இடங்களுக்கு ஏற்றப்பட்டார்கள்.

நாங்கள் விடுமுறைக்குக் கூடாரம் அடித்த மண்ணிலும் ஒரு முகாம் இருந்திருக்கின்றது என்பதை அறிந்தபோது மனம் கனத்தது.

அம்மக்கள் விட்டுவிடவில்லை. 2014ஆம் ஆண்டு நீதிமன்றம் அவர்களுடைய காணியுரிமையை ஏற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டு யூன் மாதம் கர்ரி என்ற பெயரும் சட்டப்படி திரும்பிவந்தது. இதைக் கேட்டபோது, 2017ஆம் ஆண்டு கேப்பாப்பிலவில் காணிக்காக வீதியோரம் கொட்டகை போட்டு இருந்த எமது பெண்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் இரவு

அன்றிரவு நான் நித்திரை கொண்டேன். முழுமையாக அல்ல, இரண்டு தடவை விழித்தேன். இரண்டு தடவையும் சிப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். மூன்றாம் நாள் காலை, நான் அடித்த கூடாரத்தை நானே கழற்றி மடித்தேன். கடலுக்கு அப்பால், குட்டியோடு போகின்ற ஒரு திமிங்கிலம் மூச்சுவிட்டதை ஆறு பேரும் கண்டோம்.

ஒரு பயணத்தால் எல்லாம் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முள்ளிவாய்க்கால் மணலில் விட்டுவந்தவர்கள் திரும்பிவரப் போவதில்லை. ஆனால் மணல் என்றால் அது ஒன்றுதான் என்றிருந்த என் மனதில், இப்போது வேறொரு மணலுக்கும் இடம் கிடைத்திருக்கின்றது.

சகோதரிகளே, இதற்கு அவுஸ்திரேலியாவும் தேவையில்லை, வாகனமும் தேவையில்லை. உங்கள் ஊர்க் கடற்கரையை எத்தனை வருடமாகத் தவிர்த்து வருகின்றீர்கள்? உங்களைப் போலவே தவிர்ப்பவர்கள் பக்கத்து வீட்டிலும் இருப்பார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு பின்னேரம் போய் இருந்துவிட்டு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். முடியவில்லை என்றால் எழும்பித் திரும்பி வந்துவிடுங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். புதைந்த வாகனத்தை என்னால் தனியாக வெளியே எடுத்திருக்க முடியாது.