மேசைப் பாத்திரமேற்பு ஆட்டங்களைப் பார்த்தல்

மேசையைச் சுற்றி அமர்ந்து சிலர் ஆடும் பாத்திரமேற்பு ஆட்டத்தை, அதில் பங்கு பெறாத பிறர் ஒரு நிகழ்ச்சியாகப் பார்ப்பதும் கேட்பதும் 21 ஆம் நூற்றாண்டில் பரவலாகிய ஒரு பொழுதுபோக்கு ஆகும். இவ்வாறு நேரடியாகவோ பதிவு செய்தோ வெளியிடப்படும் ஆட்டம் ஆங்கிலத்தில் ஆக்சுவல் பிளே எனப்படுகிறது. "உள்ளபடியே ஆடுவது" என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஐக்கிய அமெரிக்காவில் 2015 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டதாகும்.

இத்தகைய நிகழ்ச்சியில் கண்ணுக்குத் தெரிவன ஒரு மேசை, பேசும் முகங்கள், சில பகடைகள் ஆகியவையே. எனினும், பல மணி நேரம் நீளும் பகுதிகளைப் பலர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கின்றனர். கதையின் அடுத்த கட்டம் பார்ப்போருக்கு மட்டுமன்றி அதைச் சொல்வோருக்கும் தெரியாது என்பது இதற்கு முதன்மையான காரணமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி, கேரி கைகாக்சு, டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆகும். மாயமும் அரக்கரும் நிறைந்த ஒரு கற்பனை உலகில் கதை நிகழும். ஒருவர் நடத்துநராக இருந்து சூழலை விவரிப்பார். எதிரிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அவரே குரல் கொடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்வர்.

செயல் வெற்றி பெறுமா என்பது ஐயமாக இருக்கும்போது பகடை உருட்டப்படும். தாயக்கட்டையைப் போலன்றி, இங்கு பெரிதும் பயன்படும் பகடைக்கு இருபது முகங்கள் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு பாத்திரம் பள்ளம் ஒன்றைத் தாண்ட முயல்கிறது. நடத்துநர் இலக்கை 15 என்று வைக்கிறார். பாத்திரத்தின் திறனுக்காக 3 கூட்டப்படும் என்று கொள்வோம். பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. அதாவது இருபதில் ஒன்பது வாய்ப்புகள், 45 விழுக்காடு. தாக்குதலின்போது 20 விழுந்தால் அடி தவறாது. 1 விழுந்தால் எவ்வளவு வலிமை இருந்தாலும் அடி தவறும்.

வரலாறு

ஆட்டத்தைப் பிறர் சுவைக்கும் வழக்கம் முதலில் அச்சில் வளர்ந்தது. சப்பானில் 1986 இல் காம்ப்டிக் என்னும் இதழ், ரியோ மிசுனோ நடத்திய ஓர் ஆட்டத்தின் உரையாடலைத் தொடராக வெளியிட்டது. இதிலிருந்தே ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார் என்னும் புதினத் தொடரும், 1990 இல் அதன் அசைபடமும் தோன்றின.

ஒலி வடிவில் 2008 இல் அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட் தொடங்கியது. பின்னர் இது பார்வையாளர் நிறைந்த மேடைகளிலும் ஆடப்பட்டது. 2014 இல் மூன்று சகோதரர்களும் அவர்களின் தந்தையும் ஆடும் தி அட்வெஞ்சர் சோன் என்னும் ஒலித்தொடர் வெளிவந்தது. 2015 மார்ச்சில் கிரிட்டிக்கல் ரோல் தொடங்கியது. இது அசைபடங்களுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் சிலர் 2012 முதல் வீட்டில் ஆடிவந்த ஆட்டமாகும். மேத்யூ மெர்சர் அப்போது இதன் நடத்துநராக இருந்தார். 2018 இல் தொடங்கிய டைமன்ஷன் 20 குழுவினர், 2025 சனவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் ஆடினர்.

ஈர்க்கும் காரணங்கள்

முடிவு தெரியாமை: எழுதப்பட்ட கதையில் முக்கியப் பாத்திரத்தை ஆசிரியர் காப்பாற்ற முடியும். பகடைக்கு அத்தகைய பரிவு இல்லை. கிரிட்டிக்கல் ரோலின் இரண்டாம் தொடரில், 2018 சூலையில் வெளியான 26 ஆம் பகுதியில், டலீசின் ஜாஃபி ஏற்றிருந்த மோலிமாக் என்னும் பாத்திரம் ஒரு சண்டையில் இறந்தது. கடத்தப்பட்ட தோழர்களை மீட்கச் சென்ற இடத்தில் இது நிகழ்ந்தது. பார்ப்போர் அறிந்த அதே நொடியிலேயே ஆடியவர்களும் அவ்விழப்பை அறிந்தனர். ஜாஃபி பின்னர் வேறொரு புதிய பாத்திரத்துடன் மேசைக்குத் திரும்பினார்.

இருவரை ஒருங்கே காணுதல்: நாடகத்தில் நடிகர் பாத்திரத்துக்குள் மறைய வேண்டும். இங்கு பாத்திரமும் அதை ஏற்றவரும் ஒன்றாகவே தெரிகின்றனர். வீரன் அஞ்சாமல் பேசுகையில், அவனை ஆடுபவர் கையில் பகடையை வைத்துக்கொண்டு தயங்குவதையும் காணலாம்.

கணக்கிடும் இன்பம்: விதிகளை அறிந்தவர், துடுப்பாட்டத்தில் எஞ்சிய பந்துகளை எண்ணுவது போல, தேவைப்படும் எண்ணைத் தாமும் கணக்கிட்டுக் காத்திருக்கிறார்.

தோழமை: நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்வதும், பிறர் வெற்றிக்கு மகிழ்வதும், கதைக்கு அப்பாற்பட்ட பேச்சும் நீக்கப்படாமல் இடம்பெறுகின்றன. தனித்திருப்பவருக்கு இது ஒரு குழுவுடன் இருக்கும் உணர்வைத் தரவல்லது.

தாக்கமும் திறனாய்வும்

கிரிட்டிக்கல் ரோல் குழுவினர் 2019 மார்ச்சில் ஓர் அசைபடத்துக்காக 7,50,000 டாலர் நிதி கோரினர். ஒரு கோடியே 13 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதன் பயனாக 2022 இல் தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா வெளியானது. அசைபடத்தில் சண்டையும் மாயமும் கண்முன் விரிகின்றன. ஆனால் பகடை உருளும் நொடி அதில் இல்லை. எல்லாம் முன்பே முடிவானவை. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஆட்டத்தைப் பார்ப்பதன் தனித்தன்மை தெளிவாகும்.

இவற்றின் புகழால் ஒரு சிக்கலும் எழுந்தது. தேர்ந்த நடிகர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருபவர், தம் நண்பரும் அவ்வாறே பல குரலில் பேசிக் கதை நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இது ஆட்டக்காரர்களிடையே "மெர்சர் விளைவு" எனப்படுகிறது. புதிதாக நடத்த முன்வருபவர் இதனால் தயங்கிப் பின்வாங்கக்கூடும். மறுபுறம், தடித்த விதிநூல்களைக் கண்டு அஞ்சியவர்கள், பிறர் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடிகிறது.

பார்ப்பது ஆடுவதற்கு மாற்று அன்று. எவ்வளவு ஈடுபாட்டுடன் பார்த்தாலும், பள்ளத்தைத் தாண்டுவதா திரும்பிச் செல்வதா என்று முடிவு செய்யும் உரிமை பார்ப்பவருக்கு இல்லை. அவ்வுரிமையைப் பெற நடிப்புத் திறனோ ஒளிப்படக் கருவியோ தேவையில்லை. சில நண்பர்களும் பகடைகளும் போதும். கிரிட்டிக்கல் ரோலும் ஒரு வீட்டு மேசையில், பார்ப்பவர் எவருமின்றித் தொடங்கிய ஆட்டமே ஆகும்.