கடற்கரை எவருக்குச் சொந்தம்?

முந்தற் களப்புக்கு அப்பால், உடப்பு முதலிய ஊர்களின் கரையிலே, கரைவலை இழுப்போர் வாடி அமைத்து வலை உலர்த்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மணல் எவருக்குச் சொந்தம்? இக்கேள்விக்குப் பண்டைய உரோமரே விடை கூறியுள்ளனர் என்றால் மாணவர்கள் வியப்படையக்கூடும்.

கி. பி. 533ஆம் ஆண்டிலே சசுத்தினியன் என்னும் பேரரசன் சட்ட மாணவருக்கென ஒரு பாடநூலை வெளியிடுவித்தான். காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கை நீதிப்படி மாந்தர் யாவர்க்கும் பொதுவானவை என்று அந்நூல் விதித்தது. மாரிகாலப் பேரலை எட்டும் எல்லை வரை கரையே. அங்கே மீனவன் குடிசை கட்டலாம், வலை உலர்த்தலாம், ஆனால் நிலத்தைத் தனதென்று உரிமை கொண்டாட முடியாது. குடிசை வீழ்ந்ததும் அந்த இடம் மீண்டும் பொதுவாகிவிடும்.

இவ்விதியின் வேர் தத்துவத்தில் உள்ளது. உலகை ஆளும் அறிவு ஒன்றுண்டு. அதன் கூறு மனிதன் உள்ளத்திலும் உண்டு என்றனர் கிரேக்க நாட்டு ஸ்தோயிக்கர். அக்கருத்தைச் சிசரோ உரோமுக்குக் கொணர்ந்தார். உண்மையான சட்டம் அரசன் ஆணையால் பிறப்பதன்று; ஊருக்கு ஊர் மாறுவதுமன்று என்பது அவர் கொள்கை.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. இயற்கை நீதியின்படி மனிதர் அனைவரும் சுதந்திரராகவே பிறக்கின்றனர் என்று எழுதிய அதே சட்ட அறிஞர்கள், அடிமை முறையை எல்லா நாட்டார் வழக்கு எனக் கூறி ஏற்றுக்கொண்டனர். உண்மையை அறிதல் வேறு. அதன்படி நடத்தல் வேறு. இலங்கையிலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேதான்.

உரோமர் நீதி நம் நாட்டுக்கு ஒல்லாந்தர் கப்பலில் வந்தது. குரோசியஸ் என்ற பேரறிஞர் சிறையில் இருந்தபோது எழுதிய ஒல்லாந்தச் சட்ட நூல் 1631இல் வெளியாயிற்று. ஒல்லாந்தர் நீங்கிய பின்னரும், 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அச்சட்டத்தை நிலைநிறுத்தினர். இன்றும் உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டின் பொதுச் சட்டமாக விளங்குகிறது.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயம் என வகுத்தது. எப்பாவல பொசுபேற்று வழக்கில், 2000ஆம் ஆண்டிலே, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசும் உரிமையாளன் அன்று, காவலனே என்பது இதன் உட்பொருள்.

இனிக் கரையில் வேலியொன்றைக் காணும் மாணவன், “இதை அடைக்க எவருக்கு உரிமை?” என்று கேட்பானாயின், அவன் கேட்பது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நீதி கேட்டுவரும் கேள்வியையே.