சோறு குறைந்த தட்டில் என்ன இருக்க வேண்டும்?

உணவில் ஆற்றல் தரும் சத்துகள் மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. முதலிரண்டும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. இவற்றுள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, அந்த இடத்தைப் புரதம், கொழுப்பு, காய்கறி ஆகியவற்றால் நிரப்புவதே குறைமாவு உணவுமுறை. ஒரு நாளில் 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதைக் குறைமாவு என்றும், 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்துவதை மிகக் குறைமாவு அல்லது கீட்டோ என்றும் மருத்துவ உலகம் பொதுவாக வகுக்கிறது. தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவிய முறையும் நடைமுறையில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேன்டிங், மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைக் குறைத்து உடல் மெலிந்தார். அந்த அனுபவத்தை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் கீட்டோ உணவை வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக முன்வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அது இன்றும் அளிக்கப்படுகிறது. எடைக் குறைப்புக்கான முறையாக இதை உலகெங்கும் கொண்டுசென்றது 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. அதே ஆய்வின் 2025 அறிக்கைப்படி இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை ஆகியவற்றுக்கு. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் சர்க்கரை போட்ட காபியுடன் பிஸ்கட், இரவில் தோசை என்று போகும் ஒரு நாளில் புரதத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு வியப்பளிக்காது.

தொடங்குவோர் முதலில் கேட்பது எதில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைத்தான். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு சாப்பிடுபவர் அதிலேயே 84 கிராமைத் தொட்டுவிடுகிறார். ஓர் இட்லியில் அதன் அளவைப் பொறுத்து 8 முதல் 12 கிராம்; ஒரு சப்பாத்தியில் 15 முதல் 20 கிராம். ஆகவே சோற்றை நிறுத்திவிட்டு இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுவதால் பெரிய மாற்றம் ஏதும் நேர்வதில்லை.

சிறுதானியம் பற்றிய நம்பிக்கையையும் இங்கே நேராகப் பார்க்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, வரகு, சாமை, தினை ஆகியவை சமைக்கும் முன் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து கொண்டவை. அரிசியில் இது 78 கிராம் அளவில் இருக்கும். சிறுதானியங்களில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் கூடுதல் என்பது உண்மை. தீட்டிய அரிசியைவிட அவை நல்ல உணவு என்பதும் உண்மை. ஆனால் ஒரு தட்டு வரகுச் சோறு குறைமாவு உணவு ஆகாது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றின் நிலையும் இதுவே. மணமும் நிறமும் வேறுபட்டாலும் அவற்றில் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தத்தில் கலந்த பின் உடல் அவற்றை வெள்ளைச் சர்க்கரையிலிருந்து வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பழங்களில் கவனம் தேவை, அச்சம் தேவையில்லை. கொய்யா 100 கிராமில் 14 கிராம் மாவுச்சத்து இருந்தாலும் அதில் 5 கிராம் செரிக்காத நார்ச்சத்து. பப்பாளியில் சுமார் 11 கிராம். வாழைப்பழத்திலும் பலாச்சுளையிலும் 23 கிராம் அளவில் இருக்கிறது. 130 கிராம் வரம்புக்குள் இருப்பவர் ஒரு கொய்யாவைத் தயங்காமல் உண்ணலாம்; கீட்டோ வரம்பில் இருப்பவருக்குத்தான் அது நெருக்கடி. சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும் என்பதால் பழச்சாறு இரு தரப்பினருக்கும் ஆகாது. காய்களில் கீரை, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கை, சுரை என்று தமிழ்ச் சமையலில் அன்றாடம் புழங்குபவை பெரும்பாலும் குறைந்த மாவுச்சத்து உள்ளவை. மரவள்ளி, சேப்பங்கிழங்கு, உருளை, சர்க்கரைவள்ளி ஆகியவை தானியத்தின் இடத்தில் வைத்து எண்ணப்பட வேண்டியவை. மண்ணுக்கடியில் விளைவது எல்லாமே கூடாது என்று சிலர் சொல்வது மிகை. முள்ளங்கியில் 100 கிராமுக்கு 4 கிராம்கூட இல்லை.

தட்டிலிருந்து சோற்றை எடுப்பது எளிது. காலியான இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வெறுமனே சோற்றைப் பாதியாக்கிவிட்டு அதே ரசத்தையும் அதே அப்பளத்தையும் வைத்துக்கொள்பவருக்கு மூன்று மணி நேரத்தில் பசிக்கும்; நான்காம் நாள் அந்த முயற்சி முடிந்துவிடும். நிரப்ப வேண்டியதில் முதலிடம் புரதத்துக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதத்தை நாளொன்றுக்குப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். ஒரு முட்டை 6 கிராம் தருகிறது. 100 கிராம் மீன் ஏறக்குறைய 20 கிராம். அசைவம் உண்பவருக்கு இந்தக் கணக்கு எளிதில் நிறைவேறும்.

சைவ உணவினருக்குத்தான் உண்மையான சிக்கல். பருப்பும் பயறும் புரதம் தருபவை, ஆனால் உலர்ந்த பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. எனவே முழுச் சைவத்தில் இருந்துகொண்டு கீட்டோ வரம்பைப் பிடிப்பது கடினம். பிடித்தாலும் உணவு மிகவும் குறுகிப்போகும். அவர்களுக்கு 100 முதல் 130 கிராம் என்ற இலக்கு பொருத்தமானது. 100 கிராம் பனீர், இரண்டு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பாதாம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தாராளமாகப் பொரியலும் கூட்டும், சிறிதளவு சோறு என்று அமைத்தால் புரதமும் கிடைக்கும், சாம்பாரையும் விட வேண்டியதில்லை.

கொழுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற பேச்சு இந்த முறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அது சரியன்று. தமிழ்நாட்டுப் பேலியோ வட்டங்களில் காலை உணவாகப் பிரபலமான 100 பாதாமை எடுத்துக்கொண்டால், அதில் 600 முதல் 700 கலோரி இருக்கிறது. அதையே காலை உணவாகக் கொண்டால் பசி அடங்கும். வழக்கமான உணவுக்கு மேல் கொறித்தால் எடை ஏறும். எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அவை பலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவை உயர்த்துகின்றன. குறைமாவு உணவில் டிரைகிளிசரைடு குறைவதும் நல்ல கொழுப்பு கூடுவதும் அடிக்கடி காணப்படும் நன்மைகள். ஆனால் எல்.டி.எல். சிலருக்குப் பெரிதும் உயர்கிறது. காபியில் வெண்ணெய் கரைத்துக் குடிப்பதைவிட நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மத்தி, அயலை, எள், நிலக்கடலை ஆகியவற்றிலிருந்து கொழுப்பைப் பெறுவது மேல்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் அதன் காரணத்தையும் அறிந்திருப்பது நல்லது. உடல் தன் கையிருப்புச் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் இந்த இருப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. ஆக, முதலில் குறைவதில் பெரும்பகுதி நீர். கொழுப்பு அதன் பிறகு மெதுவாகவே கரையும். மூன்றாம் வாரத்தில் வேகம் தணிவதைத் தோல்வி என்று எண்ணிப் பலர் விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

அதே நாட்களில் தலைவலி, சோர்வு, தசைப்பிடிப்பு, எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு ஆகியவையும் வரலாம். இன்சுலின் அளவு தாழும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக உப்பை வெளியேற்றுவது இதற்கு முக்கியக் காரணம். போதிய நீரும், உப்பிட்ட மோரும் எலும்பு சூப்பும் இதைத் தணிக்கும். இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. மலச்சிக்கல் பெரும்பாலும் காய்கறியும் நீரும் குறைந்ததன் விளைவு.

மூளைக்குச் சர்க்கரை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. மூளை நாளொன்றுக்கு 120 கிராம் அளவுக்கு குளுக்கோஸைச் செலவிடுகிறது. உணவில் அது வராதபோது கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் குளுக்கோஸை உருவாக்கிக்கொள்கிறது. கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்களையும் தயாரிக்கிறது. மூளை கீட்டோன்களை எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது மாத்திரை பற்றியது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளை உண்பவரும் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். மருந்தின் அளவு பழைய உணவுக்காகக் கணக்கிடப்பட்டது. உணவு மாறும் அன்றே மருந்தும் மாற வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றிச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், உணவுமுறையை எண்ணித் தயங்காமல் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடனே உட்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறோர் ஆபத்து உண்டு. அவற்றை உண்பவர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக உயராமலே இருக்கலாம் என்பதால் கண்டுபிடிப்பது தாமதமாகும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவையும் பலருக்குக் குறைக்க நேரிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், குழந்தைகள் ஆகியோர் தாமாக இதில் இறங்கக் கூடாது. நண்பருக்குப் பலன் தந்த பட்டியலைக் கைபேசியில் பெற்று அப்படியே பின்பற்றுவது இவர்கள் விஷயத்தில் உயிரோடு விளையாடுவதாகும்.

மற்ற முறைகளைவிட இது மேலானதா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. குறைமாவுப் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும் குறைகொழுப்புப் பிரிவினர் 5.3 கிலோவும் இழந்தனர். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு பிரிவினருக்கும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டும்படி சொல்லப்பட்டிருந்தது கவனிக்கத்தக்கது. இரண்டாம் வகை நீரிழிவில் மட்டும் குறைமாவு உணவு முதல் ஆறு மாதங்களில் தெளிவான கூடுதல் பலன் தருகிறது. ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. கடைப்பிடிப்பது தளர்வது இதற்கு ஒரு காரணம். ஆகவே ஒரு மாதம் 30 கிராமில் வாடிவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்புபவரைவிட, ஆண்டுக்கணக்கில் 120 கிராமில் நிற்பவருக்கே பயன் அதிகம்.

தொடங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி, கொழுப்பு வகைகள், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பரிசோதித்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். எல்.டி.எல். ஏறியிருந்தால் நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் குறைத்துப் பார்ப்பது முதல் படி. எடை இலக்கை அடைந்த பின் சோற்றைக் கொஞ்சம் கூட்ட விரும்புபவர், வேளைக்கு அரைக் கரண்டி வீதம் கூட்டி, நீரிழிவு இருந்தால் உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனி இரத்தத்தில் குளுக்கோமீட்டரால் அளந்து பார்க்கலாம். ஒரே அளவுச் சோறு ஒருவருக்கு 140-இல் நிற்கும், இன்னொருவருக்கு 200-ஐத் தாண்டும். அவரவர் அளவை அந்தக் கருவிதான் சொல்லும்.