குறட்டை விடும் குழந்தை!

குரங்கணியில் ஊர் அடங்கிவிட்டது. குழந்தை குறட்டை விடுகிறது. "ஆடிய களைப்பு" என்று தாய் நினைக்கிறாள்.

சளியால் வரும் குறட்டை, சளி போனால் போய்விடும். தினமும் வந்தால் கவனிக்க வேண்டும்.

தொண்டையில் "டான்சில்" என்ற சதையும், மூக்கின் பின்னால் "அடினாய்டு" என்ற சதையும் உண்டு. இவை பெருத்தால், தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைபடும். குறட்டை சட்டென்று நிற்கும். மூச்சும் நிற்கும்! பிறகு குழந்தை திணறி மூச்சை இழுக்கும்.

இப்படிப்பட்ட 8 குழந்தைகளைப் பற்றி, 1976-ல் அமெரிக்காவில் டாக்டர் கில்லமினோ குழுவினர் எழுதினார்கள்.

அடையாளம் என்ன?

குழந்தை வாயைத் திறந்து தூங்கும். மிகவும் வியர்க்கும். படுக்கையை நனைக்கலாம். பகலில் பாடத்தில் மனம் செல்லாது. "மக்கு" என்று அடிக்காதீர்கள். அது தூக்கம் கெட்ட பிள்ளை.

என்ன செய்வது?

தூங்கும்போது செல்போனில் படம் பிடியுங்கள். போடி அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள். தேவையானால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம்.

இரவு முழுவதும் மூச்சையும், ரத்தத்தில் பிராணவாயுவையும் கருவியால் அளப்பதே சரியான சோதனை. பெருத்த சதையை ஆபரேஷன் செய்து எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகிறார்கள். சிலருக்கு, முகமூடி வழியே காற்றுச் செலுத்தும் கருவி உதவும்.

தாய்மார்களே! குறட்டை திடீரென்று நின்றால் நிம்மதி அடையாதீர்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள்!