மீன்குஞ்சின் பசியும் நம் பிண்ணாக்குக் கணக்கும்

பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் சூளைச் சூட்டைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சூடு குறைந்தால் பண்டம் வேகாது, மிஞ்சினால் வளைந்துவிடும். மீன்குஞ்சு வளர்க்கும் குளத்துக்கும் ஏறக்குறைய இதே விதிதான். அங்கே போகும் கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் நம் கடைச் சரக்கு என்பதால், வணிகர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

கெண்டை மீனுக்கு நமக்கிருப்பது போல நிலையான உடற்சூடு கிடையாது. நீரின் சூடே அதன் சூடு. நீர் 10 டிகிரி சூடேறினால், உடலுக்குள் நடக்கும் உயிர்ச்செயல்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் நன்றாகத் தின்று வளரும். சூடு 20 டிகிரியை ஒட்டி இறங்கினால் பசி மந்தமாகும். மார்கழி, தை மாதங்களில் குளத்துக்காரர் குறைவாகச் சரக்கு எடுத்தால் வருந்த வேண்டாம். தின்னாத தீனி அடியில் அழுகி நீரைக் கெடுக்கும்.

கோடையில் ஆபத்து வேறு விதம். 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். குஞ்சுக்குத் தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. விடியற்காலையில் குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீனியை நிறுத்திப் புது நீர் விட வேண்டும். குஞ்சு வாங்கி வந்ததும் பையைப் பிரிக்காமல் குளத்து நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு நீரின் சூடும் சமமான பிறகே திறந்துவிட வேண்டும்.

ஒரு காலத்தில் ஆற்றில் பிடித்த குஞ்சையே நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி மருந்தின் மூலம் கெண்டையை முட்டையிட வைத்ததில் வெற்றி கண்டார். அதன் பின் குஞ்சு உற்பத்தி பெருகியது. தீனி வியாபாரமும் உடன் வளர்ந்தது.

நம் பங்குக்கும் கடமை உண்டு. ஈரம் பட்ட பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகி மீனின் ஈரலைக் கெடுக்கும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மீது அடுக்குங்கள். பூஞ்சை கண்ட சரக்கை விற்காதீர்கள். கடனுக்குக் கொடுத்த பிண்ணாக்கின் பணம், குஞ்சு பிழைத்தால்தான் கல்லாவுக்கு வரும்.