புழல் மண்ணும் ஒரு கட்டுக் கீரையும்

சிறுநீரகப் பிரிவில் வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவர் ஒருவர், சென்ற ஆவணி மாதத்தில் ஒரு துணிப்பையுடன் என் அறைக்கு வந்தார். பையினுள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு முளைக்கீரை இருந்தது. "பேரன் பள்ளிக்கூடத்துல விதைச்சதும்மா. முதல் கீரை தாத்தாவுக்குத்தான்னு கொண்டாந்து குடுத்தான். இதை நான் சாப்பிடலாமா? கூடாதுன்னா அதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். உணவியலாளர் என்ற முறையில் முதல் வினாவுக்கு விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. இரண்டாவது வினாவுக்கு இல்லை.

பேரன் புழலில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களில், பள்ளித் தோட்டத்தைப் பற்றி ஐயத்துடன் கேட்போர் பலர் உண்டு. மண்ணில் கை வைத்தால் நோய் வருமா, ஆலைகளுக்கு நடுவே விளைந்த கீரையை உண்ணலாமா, வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கையில் மாடித் தோட்டம் வைக்கலாமா என்பன அவர்தம் வினாக்கள். இவற்றுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது என்பதாலேயே இக்கட்டுரை.

முதலில் அந்த மண்ணைப் பார்ப்போம். பழந்தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்று புழல் கோட்டம். ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த நாடு அது. இன்று புழல் என்றதும் சென்னைக்குக் குடிநீர் தரும், 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஏரி நினைவுக்கு வருகிறது, அடுத்ததாகச் சிறைச்சாலை. வயல் எவர் நினைவுக்கும் வருவதில்லை. 2011இல் மாநகராட்சியுடன் இணைந்தபின் எஞ்சிய நிலமும் மனைகளாகிவிட்டது. ஆயினும் பக்கத்திலுள்ள செங்குன்றத்தின் பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1837இல், இந்தியாவின் தொடக்ககால இருப்புப்பாதைகளுள் ஒன்று இங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போடப்பட்டது. பயணிகளை ஏற்றிச் செல்ல அன்று, சாலைப் பணிக்கான கல் சுமக்க. செங்குன்றத்து அரிசி ஆலைகள் இன்றும் இயங்குகின்றன. எனவே இப்பகுதிக் குழந்தை அரிசி மூட்டையை நன்கு அறியும், நெற்பயிரைத்தான் அறியாது.

இந்த மண்ணைக் கொண்டு செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் தங்கிவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி முற்றிலும் படிய ஒரு நாளோ இரு நாளோ கூட ஆகலாம்; இலைத்துகளும் மட்கும் மேலே மிதக்கும். புழல் மண்ணையும் எண்ணூர்க் கடற்கரை மணலையும் இரு புட்டிகளில் அருகருகே வைத்தால், ஒரு மண் நீரைப் பிடித்து வைப்பதும் மற்றொன்று விட்டுவிடுவதும் ஏன் என்பதை ஆசிரியர் விளக்கவே தேவையில்லை. காய்ச்சலால் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் இதைச் சாளரத்து ஓரம் வைத்துக் காட்டலாம். குலுக்குவதை மட்டும் பெரியவர்கள் செய்துகொடுத்தால் போதும்.

அரசு இத்தகைய கல்வியைத் திட்டமாகவும் எடுத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் உழவர்களுக்கானது. தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் துத்தநாகம், போரான் வரை பன்னிரண்டு அளவுகளை அது குறித்துத் தருகிறது. அதன் வழியில் ஊரகப் பகுதிகளில் உள்ள கேந்திரிய, நவோதயப் பள்ளிகள் இருபதில் மண் ஆய்வுக் கூடங்கள் சோதனை முயற்சியாக அமைக்கப்பட்டன. பின்னர் திட்டம் மேலும் பல பள்ளிகளுக்கு விரிந்தது. மாணவர்களே வயலுக்குச் சென்று மாதிரி எடுத்து, சோதித்து, முடிவை உழவரிடம் விளக்குகின்றனர். மாதிரி எடுப்பதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஓரிடத்து மண்ணை மட்டும் எடுத்தால் அது பொய் சொல்லும். வயலில் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் ஒரு சாண் அளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இரத்த மாதிரி எடுப்போர் காட்டும் கவனத்துக்கு இது சற்றும் குறைந்ததன்று.

டிசம்பர் 5 உலக மண் நாள். வட சென்னைக்கு அந்நாள் பொருத்தமாக அமைவதில்லை என்பது என் எண்ணம். 2023இல் அதே நாளில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் சென்னைப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அவ்வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரவியது. இங்கே மண் பாடத்தை ஆடிப் பட்டத்தில் தொடங்கி மழைக்கு முன் அறுவடை செய்துவிடுவதே அறிவுடைமை. முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பலனைக் கண்டுவிடலாம். கோடை விடுமுறையில் நீர் ஊற்ற ஆளின்றிச் செடிகள் கருகுவதைப் பார்த்தே பல பள்ளிகள் தோட்டத்தைக் கைவிடுகின்றன. பங்குனிக்குப் பின் எதையும் விதைக்காமல், காய்ந்த இலையால் மூடாக்கு இட்டு மண்ணை ஓய்வெடுக்க விட்டால் போதும்.

பெற்றோர் அறிய வேண்டியவை

மண்வழிப் புழுத்தொற்று அஞ்சத்தக்கதே. ஆயினும் எளிதில் தடுக்கத்தக்கது. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். செருப்பு, சோப்பினால் கை கழுவுதல், நகம் வெட்டுதல் ஆகிய மூன்றும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். முள் குத்திய காயம் சிறிதாயினும் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி போடப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணை அல்லது பச்சரிசியைத் தின்னும் குழந்தையை அடித்துத் திருத்த முயல்வோர் இன்னும் உள்ளனர். அப்பழக்கம் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. ஹீமோகுளோபின் சோதனையே அதற்குத் தேவை. செம்மண்ணின் சிவப்பு இரும்பினால் வந்ததுதான். ஆனால் துருவாகக் கிடக்கும் அவ்விரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை.

ஈயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஆனால் மண்ணின் மேலடுக்கில் படிந்த ஈயம் பல்லாண்டுகள் அங்கேயே தங்கும். பழைய வண்ணப்பூச்சின் செதில், பழைய பேட்டரி உடைக்கும் இடம், நெடுஞ்சாலை ஓரம் ஆகியவற்றின் மண்ணில் குழந்தைகளைத் தோண்டவிடக் கூடாது. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதால், முன் சொன்ன இரத்தசோகை இங்கும் வந்து நிற்கிறது. மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பள்ளிகளுக்கு என் பரிந்துரை இதுவே: தரையில் நேரடியாக விதைக்காமல், நம்பகமான இடத்து மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் தொழு உரமும் கலந்து, பைகளிலோ உயர்த்திய பாத்திகளிலோ வளருங்கள். ஐயமுள்ள மண்ணில் கீரையையும் கிழங்கையும் தவிருங்கள். அவை மாசை மிகுதியாக ஏற்கும், மண்ணும் அவற்றில் ஒட்டி வரும். தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்களில் அது குறைவு. நம் முதியவரின் கீரை பைகளில் வளர்ந்தது என்பதைக் கேட்டறிந்த பின்னரே நான் மேற்கொண்டு பேசினேன்.

இனி, குழந்தையைவிடத் தாத்தா பாட்டிக்கு இன்றியமையாத செய்தி. மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி ஈரமண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்வது, தமிழ்நாட்டிலும் காணப்படுவது. மழைக்காலத்தில் மிகும். சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் இதற்கு எளிதில் ஆட்படுவர். நீடித்த காய்ச்சல், நுரையீரல் அழற்சி, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்று பல வடிவில் வரும். காசநோய் என்று மயங்கவும் இடமுண்டு. ஆகவே காய்ச்சலுடன் வரும்போது, "மண்வேலை செய்தேன்" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் கையுறையும் மூடிய காலணியும் இன்றி மண்ணில் இறங்க வேண்டா. பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு முள் தைத்ததே தெரியாது. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் மட்கு உரத்தைக் கிளறவே கூடாது; அதிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் அவர்தம் நுரையீரலைத் தாக்கும். பேரப்பிள்ளை கிளறட்டும், தாங்கள் தொலைவில் நாற்காலியில் அமர்ந்து யோசனை கூறலாம். அப்பணியில் நம் முதியோரை வெல்ல ஆளில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. உறுப்பு மாற்றம் பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. 1943இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ், செல்மன் வாக்ஸ்மன் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயைக் கொல்ல மனிதர் கைக்கு வந்த முதல் நல்ல மருந்து அது. வாக்ஸ்மனுக்கு 1952இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அந்த ஊசியைப் போட்டுப் பிழைத்தவர்கள் இராயபுரத்துத் தெருக்களில் இன்றும் இருப்பார்கள். வகுப்பில் மண்ணைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள் இதையும் சொல்லலாம்.

முதியவரின் கீரைக்கு வருவோம். கீரைகளில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். (இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்வோருக்கும் ஒரு குறிப்பு: கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.) அவருடைய அண்மைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, சிறுநீரக மருத்துவரையும் கலந்துகொண்டு, ஒரு வழி கண்டோம். கீரையைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை முழுவதும் வடித்துவிட்டு, இரண்டு தேக்கரண்டி அளவு, ஒரே ஒரு வேளை. எஞ்சியது வீட்டாருக்கு. இது அவருக்கென வகுத்த அளவு. பிறர் தத்தம் மருத்துவரைக் கேளாமல் இதைப் பின்பற்ற வேண்டா.

பேரனிடம் என்ன சொல்வது என்பதை அவனிடமே விட்டுவிடலாம் என்று தோன்றியது. அடுத்த முறை அவனையும் அழைத்து வரச் சொன்னேன். வந்தான். காய்கறிப் பட்டியலை அவன் முன் வைத்து, எவற்றில் பொட்டாசியம் குறைவு என்று காட்டினேன். சுரை, பீர்க்கு, புடலை என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவன், "புடலைக்குப் பந்தல் போடணும் தாத்தா, உங்களுக்குப் போடத் தெரியுமா?" என்று கேட்டான். அவர் பழவேற்காட்டுப் பக்கம் உழவராய் இருந்தவர் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். டயாலிசிஸ் முடியும் வரை, நான்கு மணி நேரமும், பந்தலுக்கு எத்தனை கழி, எவ்வளவு கயிறு என்று இருவரும் கணக்கிட்டுக்கொண்டிருந்தனர்.